உப்புத் தண்ணீர் குடிக்கும் நெல்லைப் பார்க்கப் போனேன்

பிள்ளைகளே, வண்டலூரில் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் வாய் ஓயாமல் பேசினீர்கள். அதே ரயிலில் இன்னும் சில ஸ்டேஷன் தள்ளிப் போய் நான் நெற்பயிரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சிங்கம் என்னை இப்படி நடுங்க வைத்திருக்காது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். என் மகள் கயல்விழி காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். நெல் தண்ணீரில்லாமல் காயும்போதும், உப்புத் தண்ணீரில் நிற்கும்போதும் இலைக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறாள். ஒரே மாதிரி மூன்று முறை வளர்த்து, மூன்று முறை இலையை அறுத்துச் சோதிக்க வேண்டுமாம். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது அறுப்பு அன்றைக்கு நடுப்பகலில். அதோடு ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, மீதியை வீட்டிலிருந்தே எழுதுவேன் என்று சொல்லியிருந்தாள். வீட்டில் இரண்டு வருடமாக அவள் கட்டில் துணி குவிக்கிற இடமாகக் கிடக்கிறது. அவளை அழைத்துவரத்தான் போனேன்.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. ஜன்னலோரம் உட்கார்ந்தும் ஒரு நாற்றுகூடக் கண்ணில் படவில்லை, அடுக்குமாடிகள்தான். காட்டாங்குளத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன், இருபது ரூபாய். டிரைவர் என்னைப் பார்த்ததும், "அட்மிஷனா சார்?" என்றார். நெல் பார்க்க வந்தேன் என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு தரம் அளந்தார். "நெல்லா? இங்க பில்டிங்குதான் சார் மொளைக்குது" என்றார்.

பத்தேகால் மணி. கல்லூரிக் கட்டடங்களுக்குப் பின்னால் இரும்புக் குழாய் நட்டு, மேலே வெயில் ஊடுருவுகிற பிளாஸ்டிக் ஷீட் போட்ட பெரிய கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்பவர் ஏகாம்பரம், அந்த ஊர்க்காரர். அவர் குடும்பம் பயிர் வைத்த நிலத்தில் இப்போது ஹாஸ்டல்கள் நிற்கின்றன.

"இன்னா சார், கயல் மேடத்தோட அப்பாவா? உள்ள வா. எதையும் தொட்டுறாத, அவ்ளோதான்."

உள்ளே அனல். மூன்று வரிசைத் தொட்டிகள். ஒரே விதை, ஒரே மண், ஒரே நாளில் முளைத்தவை. முதல் வரிசை பச்சைப்பசேல் என்று தண்ணீரில் நிற்கிறது. இரண்டாவது வரிசைக்குப் பல நாளாகத் தண்ணீரே விடவில்லை. இலை ஒவ்வொன்றும் ஊசிபோல் சுருண்டிருந்தது. மூன்றாவது வரிசையின் நுனிகள் தீய்ந்திருந்தன. உப்புப் பூத்த மண்ணோ என்று கேட்டேன்.

"மண்ணு நல்ல மண்ணு சார். உப்ப அளந்து கரைச்சு ஊத்துறாங்க. எங்கூட்டுக் கொழம்புல ஒரு கல்லு கூடினா ஊடே ரெண்டாவும். இங்க அதுக்குப் பட்டம் குடுக்குறாங்கோ."

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணா இதைச் செய்கிறாள் என்றிருந்தது. எறும்பு மிதிபட்டால்கூட அழுத பெண் அவள்.

நடுப்பகல் நெருங்கக் கயல் வந்தாள். பெரிய கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கையில் புகைகிற கேன். அதில் இருப்பது நைட்ரஜனாம். காற்றில் இருப்பதைத்தான் தண்ணீராகும் வரை குளிர வைத்திருக்கிறார்கள். முதல் வரிசையில் ஓர் இலையை நறுக்கி, காகிதம்போல் மெல்லிய அலுமினியத் தாளில் சுற்றி, கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே போட்டாள். உஸ் என்று சீறியது. பிறகு எனக்காகப் புல் ஒன்றை அதில் முக்கி எடுத்து, கையடக்கமான ஒரு பீங்கான் உரலில் தட்டினாள். பொரித்த அப்பளம்போல் நொறுங்கிப் பொடியாயிற்று.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டேன். அவள் சொன்னதை உங்களுக்கு என் பாணியில் சொல்கிறேன். ஒரு வீட்டில் நூறு பதார்த்தம் சமைக்கத் தெரிந்திருக்கும். இன்றைக்கு எது அடுப்பில் இருக்கிறது என்பதை வாசனைதான் சொல்லும். நெல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் எப்போதும் இருக்கின்றன. தாகம் எடுத்தால் சில வேலையைத் தொடங்கும், சில நிறுத்தும். இலையை வெட்டிய மறு நிமிடமே அந்தக் கணக்கு மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் அப்படியே உறைய வைக்கிறார்கள்.

முதல் வரிசை முடிவதற்குள் கேன் வற்றிவிட்டது. இன்னொன்று கொண்டுவருகிறேன் என்று போனாள். ஏகாம்பரமும் மோட்டாரைப் போடப் போய்விட்டார். நான் தனியாக நின்றேன். எதிரே அந்த இரண்டாவது வரிசை. வெயில் அதன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தொடக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? கையிலிருந்த குடையை விரித்து, அவற்றின் மேல் பிடித்தேன். பாவம், சாகப்போகிற நேரத்தில் கொஞ்சம் நிழல். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தேன். சுருண்ட இலைகள் லேசாக விரிந்த மாதிரிகூட இருந்தது. சந்தோஷப்பட்டேன், பிள்ளைகளே.

கயல் வாசலில் நின்றுவிட்டாள். கேனைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நேரமாப் பிடிக்கிறீங்கப்பா?"

"நீ போனதுலேர்ந்து. தொடவே இல்லம்மா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நிழல் விழுந்ததுமே இலையின் சூடு இறங்கிவிடும், உள்ளே எல்லாம் மாறிவிடும், இனி இது தாகத்தின் கணக்கு இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். இந்த வரிசை இல்லாமல் மற்ற இரண்டையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாதாம். நாளைக்கு அறுத்தாலும் முந்தைய இரண்டு தடவையோடு பொருந்தாதாம். மறுபடி விதை போட்டு, வளர்த்து, காயவிட வேண்டும். தீபாவளி போய்விடும், பொங்கலும் போகலாம், அதுவரை ஹாஸ்டல்தான்.

குரலைத் தாழ்த்தி, "அறுத்துடும்மா. நானும் நீயும்தான இருக்கோம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத் தெரியும்பா. இது சொல்றத எழுதத்தான் நான் வந்திருக்கேன்."

திரும்பி வந்த ஏகாம்பரத்துக்கு விஷயம் புரியச் சற்று நேரமாயிற்று. "ஆள் தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சுக்கீறோம். நெழலு தொடக்கூடாதுன்னு வெக்கலியே மேடம்" என்றார். கயலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் பேராசிரியருக்குப் போன் செய்து, நடந்தது நடந்தபடி சொன்னாள். 'அப்பா' என்று சொல்லவில்லை. 'என் கவனக்குறைவு' என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய அடி. மாலைக்குள் புது விதையை ஊறப்போட்டுவிட்டாள்.

நாலே முக்காலுக்கு ஸ்டேஷனில் தனியாக நின்றேன். வெயிலின் சூடு இன்னும் தணியவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல் நீளமாக விழுந்திருக்க, அந்த ஒல்லி நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைசியில் நின்ற அம்மாள், "உள்ள வாங்க சார்" என்று தள்ளி நின்று இடம் கொடுத்தார். போனேன். கழுத்து வியர்வை அடங்கியது, மூச்சு இறங்கியது. நிழல் விழுந்த மாத்திரத்தில் நான் வேறு ஆளாகிவிட்டதை என் தோலிலேயே உணர்ந்தேன். திடுக்கிட்டு மறுபடி வெயிலுக்கே வந்துவிட்டேன். அந்த அம்மாள் விசித்திரமாகப் பார்த்தார்.

நம் தாம்பரத்தில் வெயிலில் நிற்பவரை நிழலுக்குக் கூப்பிடாவிட்டால் மனிதனே இல்லை என்போம். அந்தக் கொட்டகையில் அப்படி இல்லை. நீங்கள் என்றைக்காவது போனால், வாடிய பயிரை வாடியபடியே விட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அது பேசிக்கொண்டிருக்கிறது. நான் குடையை விரித்து, பாதிப் பேச்சில் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.