மூன்று போல்ட்டில் உட்கார்ந்த தொட்டி

பனிமலையில், குண்டு மழைக்கு நடுவே ராணுவ வண்டி ஓட்டியவள் நான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். வண்டி ராணுவத்தில் இருந்தது உண்மை. நான் அதில் ஏறி ஹாரன் அடித்தது கோவிலூர் சாலையில், எஞ்சின் அணைந்து கிடந்தபோது.

அதை ஏலத்தில் எடுத்தவன் என் பேரன் குழந்தைவேலு. காரைக்குடியில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறான். வண்டியின் முன்பக்கம் யானை மாதிரி இருந்தது. சரக்கு ஏற்றும் பின்தொட்டிதான் துருவேறி ஓட்டையாகி, உள்ளே நின்று குனிந்தால் ரோடு தெரிந்தது. அதில் ஏற்றினால் அண்டாக்கள் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்துவிடும். புதுத் தொட்டி வேண்டுமென்று அவன் போய் நின்ற இடம் செந்தாமரையின் பட்டறை.

செந்தாமரைக்கு நாற்பத்தொரு வயது, ஆசாரி வீட்டுப் பெண். அண்ணன்மார் மர வேலைக்குப் போக, இவள் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தாள். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக் கேட் அவள் செய்தது. அவள் மாட்டிய கேட்டில் மூன்று பேர் தொங்கினாலும் இறங்காது. நான் ஒருத்தி தொங்கிப் பார்த்துவிட்டு மூன்றால் பெருக்கிச் சொல்கிறேன். ஆனால் வண்டி வேலை என்று அவளிடம் யாரும் வந்ததில்லை. அதெல்லாம் எதிர்ப்பட்டறை மலையாண்டிக்கு. அவர் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்.

"கேட்டுக்காரம்மா வண்டி கட்டப் போகுதாம்ல! தாப்பாள எங்குட்டுத்தா வைப்ப?" என்றார் டீ கிளாசும் கையுமாக.

"மொதல்ல ஒங்க வாய்க்கு வைக்கிறேண்ணே."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் வண்டி வேலை அவளுக்குப் பத்து வருஷத்து ஆசை. வெள்ளிக்கிழமை நாட்டரசன்கோட்டையில் கல்யாணம். இந்தத் தொட்டி அங்கே அண்டாக்களோடு ஒழுங்காகப் போய் இறங்கினால் அடுத்த வண்டி தானாக வரும். இல்லையென்றால் ஆயுசுக்கும் கேட்தான்.

பழைய தொட்டியைக் கழற்றினாள். முன்பக்கம் மூலைக்கு ஒன்றாக இரண்டு போல்ட். பின்பக்கம் நடுவில் ஒன்றே ஒன்று, தடித்த ரப்பர் வளையத்தோடு.

"பட்டாளத்துல ஒரு போல்ட்டத் தொலச்சுப்புட்டு, இருந்ததை நடுவுல போட்டுச் சமாளிச்சிருக்காக பாருங்க அப்பத்தா" என்றாள் என்னிடம்.

நாலு நாளில் புதுத் தொட்டி தயார். மூலைமட்டம் வைத்தால் மயிரிழை பிசகவில்லை. பட்டாளம் தொலைத்ததையும் சேர்த்து நாலு மூலைக்கும் நாலு போல்ட் போட்டு, கேட்டைச் சுவரில் இறுக்குவது போல இறுக்கினாள்.

புதன்கிழமை மணல் மூட்டை ஏற்றி, கண்மாய்க்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் 'டக்'. ஏறும்போது இன்னொரு 'டக்'. இரண்டு மூலையில் வெல்டு விட்டுப் போயிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் மலையாண்டி குனிந்து பார்த்தார். "இதைச் சொவத்துல மாட்டிப் பாருத்தா, நல்லா நிக்கும்."

அவள் விட்டுப்போன மூலையைத் தடவிப் பார்த்தாள். இன்னும் கனமான தகடு வைத்து இறுக்குவதாக மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் குழந்தைவேலு கால் உடைந்த இரும்பு அடுப்பு ஒன்றைத் தூக்கி வந்தான். அண்டா வைக்கும் மூன்று கால் அடுப்பு. "கல்யாணத்துக்கு வேற வண்டி பேசிக்கிறேன்க்கா. இந்தக் காலையாவது ஒட்டிக் குடுங்க."

அவள் முகம் சுண்டிவிட்டது. உடைந்த காலை ஒட்டி, மேடும் குழியுமான மண் தரையில் அடுப்பை வைத்தாள். ஆடாமல் நின்றது.

"மூணு காலோட நிறுத்திட்டியே, இரும்பு தட்டுப்பாடா?" என்றேன், அவளைச் சிரிக்க வைக்க.

"நாலு வச்சா பள்ளத்துல ஒரு காலு தொங்கும் அப்பத்தா. மூணுன்னா எங்குட்டு வச்சாலும்..."

அப்படியே நின்றுவிட்டாள். திறந்த வாயில் ஒரு ஈ நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பிறகு பழைய இரும்புக் குவியலுக்கு ஓடி, அந்த நடு போல்ட்டைத் தேடி எடுத்தாள்.

"தொலைக்கலை அப்பத்தா! வேணும்னுதான் ஒண்ணு வச்சிருக்காக. பள்ளத்துல வண்டியோட அடிச்சட்டம், சேசிஸ், முறுக்கிக்கிரும். நாலு மூலையும் இறுக்குனா தொட்டியையும் சேத்து முறுக்கும். கேட்டு நிக்கிறது, வண்டி நெளியிறது. எனக்குத்தான் உறைக்கலை!"

வியாழக்கிழமை விட்டுப்போன மூலைகளை ஒட்டினாள். பின்மூலை போல்ட் இரண்டையும் எடுத்துவிட்டு, நடுவில் ஒன்றை ரப்பர் வளையத்தோடு மாட்டினாள். அதே மணல் மூட்டை, அதே பள்ளம். வண்டி எருமை மாதிரி உடம்பை முறுக்கியது. தொட்டி அசந்து தூங்கியது. ஒரு 'டக்' இல்லை.

மலையாண்டி வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டார். "டிப்பர் ஒண்ணு பின்கதவு போயிக் கெடக்கு. எனக்குக் கை ஒழியல. செவ்வாக்கெழம அனுப்பவாத்தா?"

"வெள்ளனாவே அனுப்புங்கண்ணே" என்றாள் செந்தாமரை. சொன்ன கையோடு வாசலில் டிப்பர் நிற்க இடம் ஒதுக்கினாள்.

வெள்ளிக்கிழமை நானும் கல்யாணத்துக்குப் போனேன். முன்சீட்டு வேண்டாம், தொட்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறினேன். வண்டி விமானத்துக்குச் சமமாகப் பறந்தது. நூறு அண்டா, இருநூறு குண்டான், ஒன்றில்கூட ஒரு நெளிசல் இல்லை.

இதுவரை எழுதியதை, ஒட்டிய அடுப்பைக் கொடுக்க வந்த செந்தாமரை கையில் வாங்கிப் படித்தாள்.

"அண்டா பன்னெண்டுதான் அப்பத்தா. நெளிசலும் இருந்துச்சு, சாம்பார் குண்டான் மூடி ஒண்ணுல. அதுக்கு என் தொட்டி பொறுப்பில்ல, நீங்கதான் அது மேல உக்காந்து வந்தீக."