தாசையன் வைத்த ட்ரெபிள்

தாசையன் சம்பளம் வாங்கியது மலையாள நாட்டு நகரம் ஒன்றுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில். மனசு கிடந்ததெல்லாம் சபையின் மைக் செட்டில்தான். பாறசாலையிலிருந்து வேலைக்கு வந்து கரமனையில் குடியேறிய நாள் முதல், கல்யாணமோ கன்வென்ஷனோ கிறிஸ்துமஸ் ஆராதனையோ, மைக்குகளை எல்லாம் ஒன்றுசேர்க்கிற மிக்சர் பெட்டிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பது அவர்தான். காசு கொடுத்தால் கோபம் வரும். சாயா கொடுத்தால் சிரிப்பு வரும். அவ்வளவுதான் மனுஷன்.

சரசம்மாவைக் கண்டுபிடித்ததும் அந்த நாற்காலியிலிருந்துதான். பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்ற பெண். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சை இழுப்பது மைக்கில் லேசாகக் கேட்கும். அது கேட்டவுடன் அவளுடைய ஃபேடரை, அதாவது குரலைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் தள்ளுகிற அந்தச் சின்னக் கட்டையை, தாசையன் மெல்ல மேலே தள்ளுவார். வரியின் முதல் எழுத்தே முழுசாக வந்து சபையில் விழும்.

"மிக்சர்ல இருக்கியது யாருடி? நான் எப்பம் பாடப் போறேன்னு அவருக்கு எப்படித் தெரியுது?" என்று சரசம்மா ஒரு நாள் பக்கத்தில் நின்ற தோழியிடம் கேட்டாள். தோழிக்கு வாய் சும்மா இருக்குமா? அது கல்யாணத்தில் போய் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்களுக்கென்று ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டிலேயே ஒரு கீர்த்தனை பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது. முதலில் கேசட், பிறகு சிடி, இப்போது வாட்ஸாப். அந்த நாளில் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைப்பார்கள். ஃபேன் கிடையாது, குக்கர் கிடையாது. வேர்க்க விறுவிறுக்க அவள் பாடுவாள். அவர் பழைய மிக்சரின் முன்னால் குனிந்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வருஷம் முழுக்கப் பாத்திரம் கழுவுகிறோமோ என்று சரசம்மாவுக்குச் சில சமயம் தோன்றும்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சங்கடம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஆற்றுப் பக்கமிருந்து சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தாசையன் வாசலில் நின்று, "இப்பமெல்லாம் சில்வண்டே இல்ல, பாத்தியா" என்றார். சரசம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பம்ப் ஹவுஸ் மோட்டார்களோடு இத்தனை காலம் கிடந்த காது. கனமான சத்தமெல்லாம் கேட்கிறது. மெல்லிய, கூரான சத்தம் போய்விட்டது.

போனது பாட்டிலும் தெரிந்தது. குரலின் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை அவர் வருஷத்துக்கு வருஷம் கூட்டிக்கொண்டே போனார். அவருக்கு அது சரியாக இருந்தது. மற்றவர்களுக்கு ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. "தாசையண்ணனுக்க சவுண்டு காத குத்துதே அக்கா" என்று சபையில் ஒருத்தி சொன்னபோது, "ஒனக்க காதுல அழுக்கு இருக்கும், போய் எடு" என்று சரசம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் வீட்டில் பதிவு செய்கிற நாளில், அவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவார் அல்லவா, அந்த நேரம் பார்த்துக் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிடுவாள். காதும் காதும் வைத்தாற்போல் நடக்கும் காரியம். அவர் வந்து உட்கார்வார், அவள் பாடுவாள், பாட்டு நன்றாக வரும்.

இந்த வருஷம் மிக்சரே செத்துப்போனது. எந்தக் கட்டையைத் தொட்டாலும் கரகரவென்று ஒரு சத்தம். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மகள் ஷெமி ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதையெல்லாம் களைஞ்சிட்டு சாஃப்ட்வேர்ல பண்ணலாம்ப்பா. மைக்குக்கு ஒரு சின்னப் பெட்டி போதும், லேப்டாப் எனக்கிட்ட இருக்கு. அம்மா பாடட்டும். கூட்டுறது குறைக்கிறதெல்லாம் பின்ன பாத்துக்கலாம்." தன் குரலைப் பதிவு செய்து, திரையில் அது மேடும் பள்ளமுமாக ஓடுவதை அப்பாவுக்குக் காட்டவும் செய்தாள்.

தாசையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரசம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பாடும்போது அந்த நாற்காலியில் அவருக்கு என்ன வேலை? போதாததற்கு, மகள் கூட உட்கார்ந்து கேட்டால் அவருடைய காதின் குட்டு வெளிப்பட்டுவிடும். லேப்டாப்பில் திருட்டுத்தனமாகத் திருப்பி வைக்கக் குமிழும் கிடையாது.

"அதொண்ணும் வேண்டாம்! அப்பாவுக்க கை இல்லாம எனக்குப் பாட்டு வராது. புதிய மிக்சர் வாங்கினா போதும்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

"ஒனக்க இஷ்டம்" என்றார் தாசையன்.

மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறிப் பழவங்காடிப் பக்கம் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் புது மிக்சர் ஒன்றை எடுத்து வைத்து ஒரு பாட்டைப் போட்டார். தாசையன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடி, ட்ரெபிள் குமிழைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். கடையில் நின்றவர்களில் ஒருவர் காதைப் பொத்தினார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சாரே, ட்ரெபிள் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

சரசம்மாவுக்கு வந்ததே கோபம்! "எத்ர வேணும்னு அவருக்குத் தெரியும். நீங்க வாய மூடி மிண்டாம நில்லுங்க" என்று மலையாளமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினாள். பாவம், கடைக்காரர் என்ன செய்வார்? இருந்த இடத்திலேயே ஒடுங்கிப்போனார்.

தாசையன் கண்ணைத் திறந்தார். குமிழைப் பொறுமையாகப் பழைய இடத்துக்குத் திருப்பினார். "நல்ல சாதனம். பைய வாறோம்" என்று எழுந்துவிட்டார்.

சாயாக் கடையில் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"சரசு, நமக்கு லேப்டாப் போதும்."

"இஞ்ச பாருங்க, அவன் சொன்னதுக்காகவா? அவன் கெடக்கான்…"

"எனக்குத் தெரியும்டி. ஆத்தங்கரையில சில்வண்டு இல்லாமப் போவுமா? நான் வச்ச ட்ரெபிளை நீ குறைக்கியதும் தெரியும்."

சரசம்மா சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். "எப்பம் தெரியும்?"

"ஆரம்பத்திலயே. தண்ணி குடிச்சிட்டு வந்தா குமிழு நகந்து கெடக்கும். எப்படியும் நீ குறைப்பேன்னுதான் நான் கொஞ்சம் கூட்டியே வச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

"அய்யோ, எனக்க கர்த்தாவே!" என்று அவள் தலையில் கை வைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பின்னே ஃபேடரு? அது ஒரு நாளும் தப்பலியே. நான் மூச்செடுக்கியது கேக்குதுல்லியா?"

"அது கேக்காது. ஒனக்க கழுத்தப் பாத்துதான் தள்ளுவேன். பாடப் போறதுக்கு முன்ன இந்த எலும்பு ரெண்டும் கொஞ்சம் மேல வரும்." கழுத்துக் கீழே தன் எலும்பைத் தொட்டுக் காட்டினார். "ஷெமி காட்டினாளே, சத்தம் படமா ஓடுச்சு. எனக்கு அண்ணைக்கே ஆசை. ஆனா அது வேணும்னு கேட்டா, எதுக்குன்னு நீ கேப்பே. அதான் மிண்டாம இருந்தேன்."

தன்னிடம் சொல்லக் கூசி இந்த மனுஷன் இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாரே! கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயா ஆறிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் மெத்தை ஏறியது. நாற்காலியும் பழைய இடத்திலேயே இருந்தது, லேப்டாப்பின் முன்னால். சரசம்மா பாடி முடித்ததும் ஷெமி குனிந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். அப்பாவின் காதைப் பற்றி அம்மா முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். அதனால் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் திரையில் தொட்டுக் காட்டியே செய்தாள்.

"வரிக்கு முன்னால இந்தச் சின்னச் சின்ன மேடு என்னது மக்ளே?" என்று தாசையன் கேட்டார்.

"அது அம்மா மூச்செடுக்கியதுப்பா. இருங்க, ஒரே தட்டுல எல்லாத்தையும் களையலாம். பாட்டு கிளீனா இருக்கும்."

தாசையன் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம். அதைத் தொடாத."

"எல்லாரும் களைவாங்கப்பா."

"களையட்டும். அதைக் கேட்டுத்தான் நான் ஒனக்க அம்மையைக் கெட்டினேன்."

ஷெமி கையை எடுத்துவிட்டாள். தாசையன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சரசு, இன்னொருக்க."

"முழுசும் பாடணுமா? தொண்டை வறண்டு போச்சு."

"பாட வேண்டாம். மூச்சு மட்டும் எடு."

வெட்கமாக இருந்தது அவளுக்கு, மகள் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆனாலும் மைக்கின் முன்னால் போய் நின்று, பாடப் போகிறவள் போலவே நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். தாசையன் இந்த முறை அவள் கழுத்தைப் பார்க்கவில்லை. திரையில் எழும்பிய அந்தச் சின்ன மேட்டின் மேல் விரலை வைத்து, "கேட்டேன்" என்றார்.