ஆறுமுகத்தார் கிணற்றுக் கல்

சரவணை ஊரில் நிசாந்தன் சேரைத் தெரியாதவர்கள் குறைவு. வரலாறு படிப்பிக்கிறவர். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் அரசர்களின் ஆண்டுகளைப் பாடமாக்கிக் கொட்டாவி விட, இவருடைய பத்தாம் வகுப்பு மட்டும் சந்தை மாதிரிக் கலகலக்கும். ஊர்காவற்றுறைக் கோட்டையைப் பற்றி எழுதச் சொல்வார். பாதி வகுப்பு கோட்டைக்குள் நின்ற போர்த்துக்கேயச் சிப்பாயாக எழுதவேண்டும். மறுபாதி, கடலில் வலையோடு நின்று அந்தக் கோட்டையைப் பார்த்த மீனவனாக எழுதவேண்டும். ஆசிரியர் கருத்தரங்கு எங்கே நடந்தாலும் இதைப் பற்றிப் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் அலுத்துக்கொள்வது போலப் பாவனை செய்துவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு போவார்.

இப்படிப்பட்டவருக்குச் சொந்தக் கிணறு ஒன்று காத்திருந்தது.

அவருடைய பேரனார், அதாவது தகப்பனின் தகப்பன் ஆறுமுகத்தார், வெட்டின கிணறு அது. சுற்றுவட்டமெல்லாம் உவர்த்தண்ணீர் ஊற, அந்த ஒன்றில் மட்டும் நல்ல தண்ணீர். சண்டைக்காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து போனபோது இடிந்து தூர்ந்து கிடந்ததை, இப்போது கனடாவில் இருக்கும் சித்தப்பா தம்பிராசா காசு அனுப்பித் திருத்திக் கட்டுவித்தார். கறுப்புக் கல்லில் நாலு வரி பொறித்துப் பதிக்க வேண்டும், அதை வீட்டு வரலாற்றாசிரியரே எழுதவேண்டும் என்பது சித்தப்பாவின் விருப்பம்.

நிசாந்தன் சேர் ஒரே இருப்பில் எழுதி முடித்தார். அதில் மூன்றாவது வரி அவருக்கே மிகவும் பிடித்திருந்தது: 'ஊரார் அனைவருக்கும் தம் கையாலேயே நீர் அள்ளி வார்த்த வள்ளல்.' கல்லும் வெட்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வாசிக்க ஒரு நல்ல குரல் வேண்டுமென்று, அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் கிருசாந்தி ரீச்சரிடம் கேட்டார். அவரும் சரவணைதான். பனைகள் அடர்ந்த பனங்கூடலுக்கு அங்கால் வீடு. சேரின் வயதுதான் அவருக்கும்.

இடைவேளையில் ரீச்சர் தாளை வாங்கி, முதல் இரண்டு வரிகளையும் அழகாக வாசித்தார். மூன்றாவதில் நின்றார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஏதும் பிழை இருக்கிறதா என்று சேர் கேட்டார்.

"பிழை இல்லை சேர். அவர் தன்ர கையாலதான் வார்த்தவர். நாங்கள் அந்தக் கிணத்தில வாளி போடக்கூடாது எண்டதாலதான் வார்த்தவர். அவர் சாப்பிட்டுப் படுத்து எழும்பி வருமட்டும் நானும் அம்மாவும் வெயிலுக்க குடத்தோட நிண்டனாங்கள். சில நாள் அவர் வரவே இல்லை."

ரீச்சரின் குரல் உயரவில்லை. அது சேருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"பிள்ளையளுக்குக் கோட்டையைப் பற்றிக் குடுக்கிற பயிற்சியை, உங்கட கிணத்துக்கும் ஒருக்காச் செய்து பாருங்கோ."

அன்று பின்னேரம் முழுக்க அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு காட்சியைத்தான் அவர் சின்ன வயதிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்தார். தண்ணீர் இறைக்கும் துலாக்காலின் பக்கத்தில் பேரனார், வாளி சரிகிறது, தண்ணீர் வெயிலில் பளிச்சிடுகிறது, கீழே வரிசையாகக் குடங்கள். வேப்பமர நிழலில் நின்று அதைப் பார்த்துப் பெருமைப்பட்ட பேரப்பிள்ளை அவர். இப்போது எவ்வளவு யோசித்தும் குடங்கள்தான் தெரிந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் முகம் ஒன்றுகூட வரவில்லை. போர்த்துக்கேயச் சிப்பாயின் மனதுக்குள் புகுந்து பார்க்கப் பழக்கின மனிதருக்கு, தன் வீட்டுக் கிணற்றடியில் நின்ற தன் வயதுப் பெட்டைப்பிள்ளையைத் தெரியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அன்றிரவே சித்தப்பாவுக்கு அழைத்து, மூன்றாவது வரியை எடுக்கவேண்டும் என்றார். ஏன் பழசைக் கிளறுகிறாய், இப்போது ஆர் அதெல்லாம் பார்க்கினம் என்று சித்தப்பா சத்தம் போட்டார். இடம்பெயர்ந்து இருந்தபோது எல்லாரும் ஒரே குழாயில்தானே தண்ணீர் குடித்தோம் என்றார். இதே நியாயத்தை நிசாந்தன் சேரும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சித்தப்பா, உன்ரை விருப்பம் என்று போனை வைத்துவிட்டார்.

வரியைக் கொத்தி எடுக்க ஆள் ஒழுங்கு செய்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் ரீச்சரின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டார். விசயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லி, ரீச்சரின் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்கவேண்டும் என்ற ஆசை. மனிதர் அவ்வளவுதான். வெயில் கொளுத்தியது. தீவில் எல்லாரையும் போல அவரும் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளிக்கிடுவதில்லை. பனங்கூடல் திருப்பத்தில் நிறுத்தி, இருந்த கடைசி மிடறையும் குடித்து முடித்தார்.

எத்தனையோ வருடம் ஒன்றாகப் படிப்பித்தும், அந்த வீட்டுப் படலையைத் திறப்பது அதுதான் முதல் தடவை. ரீச்சர் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். செய்தியைக் கேட்டதும் அவருடைய முகம் இளகியது. "நல்லது சேர். நாளைக்கு நான் வந்து வாசிக்கிறன்" என்றார். சேருக்குத் தலையில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அந்த நேரம் ரீச்சரின் தாய் யோகம்மா குசினியிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

சேர் கையில் இருந்த போத்தலை உயர்த்திக் காட்டினார்.

"வேண்டாம் அம்மா, தண்ணி கையில கிடக்கு."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. போத்தலை யோகம்மா பார்த்தார். ரீச்சரும் பார்த்தார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

போன கிழமை வேலணையில் இன்னொரு ஆசிரியர் வீட்டுக்குப் போனபோது, போத்தல் பையை விட்டு வெளியே வரவில்லை. கேட்டு வாங்கி இரண்டு தரம் தேத்தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்தது. யோகம்மா செம்போடு திரும்பியபோது அவசரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா, அந்தத் தண்ணியைத் தாங்கோ. நான் குடிக்கிறன்."

யோகம்மா நின்று அவரைப் பார்த்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போலச் சொன்னார்.

"வேண்டாம் தம்பி. எங்களுக்காகக் கஷ்டப்படாதேங்கோ."

செம்பு குசினிக்குள் போய்விட்டது. வெறும் போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல், நிசாந்தன் சேர் அதை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தார்.