நான் திருடிய இரண்டு பேஸ்கள்

இன்று லண்டன் இல்ஃபோர்ட் பூங்காவில் நண்பன் கஜனின் பேஸ்பால் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. கிரிக்கெட் ஆடுகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னைக் கூட்டிப் போனான்.

எதிரணி புதிது. பந்து வீசிய பெண்ணுக்குப் பாதிப் பந்துகள் நேராகவே போகவில்லை. அவர்களால் எட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு நாங்கள் ஸ்கோரில் முன்னால் இருந்தோம்.

நான் முதல் பேஸில், அதாவது ஓடிச் சேரவேண்டிய நான்கு இடங்களில் முதலாவதில், நின்றேன். அவள் வீசக் கையை ஓங்கியதும், எங்கள் ஆள் பந்தை அடிக்கும்வரை காத்திராமல் இரண்டாவதுக்கு ஓடினேன். இதற்குப் பேஸ் திருடுவது என்று பெயர், விதிப்படி சரிதான். அடுத்த பந்தில் மூன்றாவதையும் திருடினேன். யாரும் தடுக்கவில்லை. என் வேகத்தில் திகைத்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

எங்கள் அணியிலேயே ஒருவரும் கைதட்டவில்லை.

அங்கே நின்ற எதிரணிக்காரர், “இதுதான் முதல் மேட்சா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆமாம், பார்த்தால் அப்படித் தெரியவில்லை, இல்லையா?” என்றேன் பெருமையாக.

“நன்றாகத் தெரிகிறது” என்றார்.

கஜன் வந்து காதுக்குள் சொன்னான்: “அண்ணை, இவ்வளவு முன்னுக்கு நிக்கேக்க திருடக் கூடாது. தோக்கிற ஆக்களை அவமானப்படுத்திற மாதிரி.”

“எந்த விதியில இருக்கு?”

“ஒண்டிலயும் இல்லை. எல்லாருக்கும் தெரியும்.”

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை” என்று சிரித்தாள். “நீங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, ஏதோ அவசரமாக்கும் என்று நினைத்தேன்.”

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஸ்கோர் எழுத. எழுதாத விதிகள் வேறு ஏதும் தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதிவிடுங்கள்.