சத்தத்தைக் கூட்டியவர்கள்

என் புருஷன் போலீஸ்காரன். என்னை அடித்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

தேவிகுளத்துக்குக் கீழே ஓர் எஸ்டேட் லயம். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட் தொழிலாளி நான்தான் என்பதால் கம்பெனி வீட்டை என் பேரில் கொடுத்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். அவன் என்னைச் சுவரில் மோதுகிற சத்தமும் கேட்கும். உடனே பக்கத்து வீட்டு அக்கா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அடுத்து மற்ற வீடுகளும். சீரியலில் எவளோ அழுவாள், இங்கே நான் அழுவேன்.

ஒருநாள் பொறுக்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் வேலை பார்க்கிற ஸ்டேஷன்தான். எங்களுக்கு வேறு ஸ்டேஷன் இல்லை. எஸ்.ஐ. மலையாளி. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

"வீட்டுப் பிரச்னம் அல்லே சேச்சி? பேசித் தீர்க்கலாம்."

நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவனுக்குப் போன் போய்விட்டது. அன்றைக்கு என் மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு டி.எஸ்.பி. ஆபீசுக்குப் போய் நின்றேன். விசாரிக்க வேறு ஊரிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவர் லயத்துக்கே வந்தார். எல்லாரும் வாசலில் கூடினோம். என் புருஷன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"நான் அடிச்சத ஒரு ஆளு பாத்தேன்னு சொல்லட்டும் மேடம்."

யாரும் பார்க்கவில்லை, வாஸ்தவம். கதவைச் சாத்திவிட்டுத்தானே அடிப்பான். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அவனைவிட அவர்கள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"பாக்கல, சரி. காதுமா அவிஞ்சு போச்சு?" என்று கத்தினேன்.

அவன் பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டி, "இந்தம்மாவுக்குச் சீரியல் பாக்கவே நேரம் பத்தாது. இவுக சாட்சியாக்கும்!" என்றான்.

அக்கா நிமிர்ந்தாள்.

"ஆமாலே, சீரியல்தான் பாக்கேன். நீ அவள அடிக்கையில சத்தத்தக் கூட்டி வச்சுப் பாக்கேன். ஒண்ணும் கேக்கலன்னா நான் எதுக்குலே சத்தத்தக் கூட்டுதேன்?"

அவன் முகத்தில் சிரிப்பு செத்தது. போலீஸ்காரனை அவள் 'லே' போட்டுப் பேசியதில் மற்றவர்களுக்கும் வாய் வந்தது.

"எங்க வீட்டுலயும் கூட்டுவோம், எழுதிக்கிடுங்க மேடம்" என்றாள் கடைசி வீட்டுக்காரி. ஐந்து வீடும் வாக்குமூலம் கொடுத்தது.

வழக்குப் பதிவானது. அவனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அவனுக்குப் போன் போட்ட எஸ்.ஐ.யிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. என் வீட்டை விட்டு அவன் வெளியேற வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டது. அதை நிறைவேற்ற யார் வந்தார்கள் என்கிறீர்கள்? அவனோடு வேலை பார்த்தவர்களேதான். முன்னால் அதே எஸ்.ஐ.

அவன் துணிகளை மடிக்காமல் பையில் திணித்தான். மற்ற ஐந்து வீட்டுச் சனமும் வாசலில் நின்றது.

எஸ்.ஐ. என்னிடம் தணிந்த குரலில், "சேச்சி, ரெண்டு நாள் டைம் கொடுத்தா..." என்றார்.

"அதக் கோர்ட்டுல போயிக் கேளுங்க சார். இப்ப இவன ஏத்துங்க."

ஏற்றினார்கள். ஜீப்பு வளைவில் மறையும்வரை நின்று பார்த்தேன். உள்ளே போய்ப் பூட்டை மாற்றினேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.