ஸ்டெல்லா உயர்த்திய மின்னழுத்தம்

முட்டத்திலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி போனில் அழைத்தபோது நான் தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டா" என்றான். மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனவள் திரும்பி வரவேயில்லை.

அடக்கம் முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது நம் துறை ஆட்களில் ஒருவர் சொன்னார்: "கவனமான பிள்ளதான். அந்த ஒரு நாளுதான் கை பிசகிப் போச்சு." நீங்கள் எல்லோரும் தலையசைத்தீர்கள். நானும் அசைத்தேன். பிசகியது அவள் கை இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளராக இருந்த ஸ்டெல்லா, பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். 2009இல் என் முனைவர் ஆய்வுக்காக ஐந்து மட்ட இன்வெர்ட்டர் ஒன்றை இருவரும் சேர்ந்து செய்தோம். மின்துடிப்புகளின் அகலத்தை மாற்றி மாற்றி அதன் சுவிட்சுகளை இயக்குவது என் புரோகிராம். சுவிட்சுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று அணைந்து, துளி நேரம் பொறுத்துத்தான் அடுத்தது இயங்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இயங்கினால் வெடித்துவிடும். ஆனால் அந்த இடைவெளி, வெளிவரும் மின்னலையின் வடிவைக் கொஞ்சம் கெடுக்கும்.

என் ஆய்வைப் பார்வையிட நிபுணர் குழு வருவதற்கு முந்தின நாள், அலை அழகாகத் தெரியட்டும் என்று இடைவெளியைக் குறைத்தேன். குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாகவே ஓடியது. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பழையபடி மாற்றச் சொல்வாள்.

மின்னழுத்தத்தை உயர்த்தும் முன் யாராக இருந்தாலும் அவள் ஒரு கேள்வி கேட்பாள், உங்களுக்குத் தெரியும். அன்றும் குழுவினர் எதிரிலேயே கேட்டாள்.

"ஏட்டி, புரோகிராம்ல கை வச்சியா?"

"இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். உயர்த்தத் தொடங்கினாள். ஐம்பது வோல்ட். நூறு. இருநூறு. ஒவ்வொரு எண்ணுக்கும், இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முந்நூறைத் தாண்டியதும் வெடித்தது. சூடான சில்லு ஒன்று அவள் முழங்கையில் பட்டது.

"வேகமா ஏத்திட்டாங்களோ?" என்றார் குழுவில் ஒருவர். நான் குனிந்து சிதறிய சில்லுகளைப் பொறுக்கினேன். அடுத்த வாரம் அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. இடைவெளியைப் பழையபடி வைத்துப் பட்டமும் வாங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து ஃபியூஸ் வாங்க ஸ்டோருக்குப் போனேன். "வெடிச்ச அன்னைக்கே புரோகிராம தெறந்து பாத்துட்டேன்" என்றாள், தலை நிமிராமல்.

"பின்ன ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன் மக்கா."

கையெழுத்துப் போட்டு ஃபியூஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஒரே கேன்டீனில் டீ குடித்தோம். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஸ்டெல்லா என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மன்னிக்கவில்லை. எனக்கு நேரம் கொடுத்தாள். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அவ்வளவு நேரம் கொடுத்தும், அவள் இருக்கும்போது நான் சொல்லவில்லை.