அடியெடுத்துக் கொடுக்கும் லாத்தாய்

முன்னறையில் ஆலய வசனத்தை ஒப்பித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிறுமி சியுவின் குரல் சட்டென்று நின்றுவிட்டது.

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த லாத்தாயின் கையும் நின்றது. "மலையெல்லாம் தேடினேன், பள்ளமெல்லாம் தேடினேன்..." என்று கணீரென வந்துகொண்டிருந்த குரல், அதற்கு மேல் வழி தெரியாமல் தேடினேன், தேடினேன் என்று முனகியது. லாத்தாய் துருவுபலகையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். "முள்ளுக்குள் கிடந்தாயே, என் ஆட்டுக்குட்டியே!" என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள் சியு.

"மூச்சு விட்டுட்டுச் சொல்லுடி. நீ கத்துற கத்துல கிடைச்ச ஆடு மறுபடியும் ஓடிப்போயிடும்!"

மே மாதத்து முதல் ஞாயிறு வந்தால், தென்கடல் நடுவே இருக்கும் வவாவுத் தீவின் மெதடிஸ்ட் ஆலயங்களில் பெரியவர்களுக்கு வேலை இல்லை. அன்று குழந்தைகள்தான் போதகர்கள். புது வெள்ளை உடுப்பு சரசரக்க ஒவ்வொருவராக ஏறி வசனம் சொல்வார்கள், நாடகம் போடுவார்கள். பிரசங்க மேடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அதன் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும். அந்த இடுக்கின் பின்னே, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் லாத்தாய் உட்கார்ந்திருப்பாள். எல்லாக் குழந்தைகளின் எல்லா வரிகளும் அவளுக்குப் பாடம். குழந்தை பேசப் பேச அவள் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசையும்.

எங்காவது ஒரு குழந்தை மறந்து நின்றால், உடனே சொல்லைக் கொடுத்துவிட மாட்டாள். முதலில் கதவுப் பலகையில் ஒரு தட்டு. 'நான் இங்கதான் இருக்கேன்' என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே போதும். தொலைந்த வரி தானாக நாக்குக்கு வந்துவிடும். அப்படியும் வராவிட்டால்தான் முதல் சொல்லை மட்டும் காற்றில் அனுப்புவாள். குழந்தை முடித்ததும் ஆலயம் முழுவதும் "மாலோ! மாலோ!" என்று வாழ்த்தும். லாத்தாய் மட்டும் வெளியே வரமாட்டாள். அடியெடுத்துக் கொடுப்பவள் முகம் காட்டக் கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

வார நாட்களில் நெயாஃபு மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது அவள் வேலை. பிற்பகலில் ஆலய மண்டபம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கேட்பாள். தையல் வகுப்புக்கு வரும் பெண்களுக்கு ஊசி கோத்துக் கொடுப்பாள். சபையார் நோயாளிகளைப் பார்க்கப் போனால் கூடவே போய், பக்கவாதத்தில் பேச்சு குழறும் கிழவர்களுக்கும் சொல் எடுத்துக் கொடுப்பாள். பழக்கம் ஊறிப்போனதால் ஊரில் யாராலும் அவளிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்தில் போதகருக்கே மாப்பிள்ளையின் பெயர் மறந்துவிட, பின்வரிசையிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். "லாத்தாய்கிட்ட கொட்டாவி விட்டாக்கூட அவளே முடிச்சு வச்சிடுவா" என்பது மீன்கடைக்காரரின் கேலி.

இப்போது குழந்தைகளின் பெஞ்சு பாதிதான் நிறைகிறது. மீதிப் பேர் ஆக்லாந்திலும் சிட்னியிலும் வளர்கிறார்கள். முன்பெல்லாம் இடம் போதாமல் ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தை நினைத்தால் லாத்தாய்க்குக் குழந்தைகளோடு இன்னொரு முகமும் கூடவே நினைவுக்கு வரும். பிசிலா.

கதவுக்குப் பின்னால் லாத்தாய் என்றால் கதவுக்கு முன்னால், முதல் வரிசையில், பிசிலா. நாடகங்களை எழுதுவது பிசிலா. பிள்ளைகளின் வாயில் ஏற்றுவது லாத்தாய். வெள்ளைத் துணியை மண்டபத்துத் தரையில் விரித்து, ஒருத்தி வெட்ட ஒருத்தி தைத்து, வாய் ஓயாமல் சிரித்து, எத்தனை மே மாதங்கள்! எல்லாம் ஒரு வார்த்தையில் போயிற்று. கடைசி வசனத்தைத் தன் பேரனுக்கே தர வேண்டும் என்று பிசிலா அடம்பிடிக்க, அவன் இன்னும் சின்னவன், பயந்துவிடுவான் என்று லாத்தாய் மறுக்க, மண்டபம் நிறைந்த பெண்கள் முன்னால் பிசிலா சொன்னாள்: "வயித்துல ஒண்ணு சுமந்திருந்தா உனக்குத் தெரியும்."

ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாயாக இருந்தவளுக்கு அன்று வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு இருவரும் ஆலயத்தின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். வருஷங்கள் ஓடின. நாளை விடியலில் புறப்படும் கப்பலில் பிசிலா மகனோடு இருக்க ஒரேயடியாக ஆக்லாந்துக்குப் போகிறாள் என்று ஊரே பேசியது. போவதற்குள் ஒரு முறை வருவாளா, மன்னிச்சிடு என்று ஒரு வார்த்தை சொல்வாளா என்று லாத்தாய் இந்த வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவருகே ஒரு செருமல் கேட்டது.

சியு எட்டிப் பார்த்தாள். "அத்தை, பிசிலா பாட்டி வந்திருக்காங்க! உங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சு..."

"வீட்டுக்குப் போடி, வாயாடி."

சியு ஓடினாள். பிசிலா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் பொதிந்து சுட்ட லூ, கையில் சூடாக இருந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"உன் கை என்னைக்குக் குறைச்சலாப் போட்டுச்சு?"

பிசிலாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் போனது. "எங்க கொல்லையில ரெண்டு பன்னி கிடக்கு. நீயே ஓட்டிட்டு வந்துடு. சின்னது வேலி தாண்டும்."

"சரி."

"ஆக்லாந்துல குளிராமே. மகன் கம்பளி வாங்கி வச்சிருக்கானாம்."

"சரி."

சூடு ஆறிக்கொண்டிருந்தது. பிசிலா பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"லாத்தாய்... அன்னைக்கு மண்டபத்துல... எல்லார் முன்னாடியும் நான்..."

நின்றுவிட்டாள். லாத்தாயின் நாக்கு நுனியில் அடுத்த சொல் தயாராக வந்து நின்றது. உதடுகள் தானாகப் பிரிந்தன. தேங்காய்த் துருவல் ஒட்டிய விரலை எடுத்து அவசரமாக உதட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிசிலா அந்த விரலையே பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது. "எடுத்துக் குடேன்டி! ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிற, எனக்கு மட்டும் மாட்டியா?"

லாத்தாய் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விரலுக்கு அடியிலிருந்து குரல் கரகரத்தது. "இது உன் வசனம் பிசிலா. நான் சொல்லிட்டா என்னுதாப் போயிடும்."

பிசிலாவின் விரலில் பாயின் ஓரம் இன்னும் கொஞ்சம் பிய்ந்தது. கடைசியில் பிசிலா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மூட்டை கட்டணும். விடிஞ்சா கப்பல்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். லாத்தாயின் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒரு கணம் வைத்தாள். ஈரம் யாருடையது என்று தெரியவில்லை. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

படியிறங்கும் செருப்புச் சத்தத்துக்காக லாத்தாய் காத்திருந்தாள். வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம், மறந்து நிற்கும் குழந்தையின் மூச்சு போல ஒரு மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

லாத்தாய் கதவருகே போனாள். உதட்டு விரலை எடுக்காமலே, மற்றக் கையின் விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னை மன்னிச்சிடுடி" என்றது வெளியே ஒரு குரல், உடைந்து, ஆனால் முழுதாக. "நான் சொன்னது பாவம். இத்தனை பிள்ளைக்கும் நீதானேடி தாய்."

செருப்புச் சத்தம் மெல்லப் படியிறங்கிப் போயிற்று. அப்போதுதான் லாத்தாய் உதட்டிலிருந்து விரலை எடுத்தாள்.